ஆசிரியரைத் திருத்திய மாணவர்கள் - அணுவின் கதை

அணு என்றதும் நம் எல்லோர் மனதிலும் ஒரே படம்தான் வரும். நடுவில் சிறு உருண்டை, அதைச் சுற்றி மூன்று நான்கு நீள்வட்டங்கள், வட்டத்துக்கு ஒன்றாகச் சில எலக்ட்ரான்கள். பள்ளிப் புத்தகத்தில் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கிய படம். சர்வதேச அணுசக்தி முகமையின் கொடியில்கூட அந்தப் படம்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் படம் தவறு. இன்று நேற்றல்ல, 1920களிலேயே தவறு என்று தெரிந்துவிட்டது. அதற்கு முன் இருந்த படமும் தவறு. அதற்கும் முன் இருந்ததும் தவறு. தவறான படங்களின் வரிசையாகத்தான் அணுவின் வரலாறு நகர்ந்திருக்கிறது. இதில் பெரிய சுவாரசியம் என்னவென்றால், பெரும்பாலும் ஒருவர் வரைந்த படத்தை அழித்தது எதிரியல்ல, அவரிடமே படித்த மாணவர்! அந்த மாணவர் வரைந்ததை அழித்தது அவருடைய மாணவர். இந்தக் கட்டுரை அந்தக் குரு சீடர் வரிசையைப் பற்றியது.

தராசில் தொடங்கிய கதை

பொருளை வெட்டிக்கொண்டே போனால் வெட்ட முடியாத ஒரு துண்டில் போய் நிற்கும் என்று கிரேக்கத்தில் டெமாக்ரிடஸ் சொன்னது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில். இந்தியாவில் வைசேடிகர்கள் அணுவைப் பற்றிப் பேசினார்கள். மணிமேகலையில் ஆசீவகவாதி ஒருவர் தம் அணுக்கொள்கையை விளக்கும் பகுதியே உண்டு. ஆனால் இவை எல்லாம் சிந்தனை. யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை. அப்படி ஒன்று உண்டு என்றால் நம்பலாம், இல்லை என்றாலும் நம்பலாம்.

எடை போட்டுப் பார்த்தவர் ஜான் டால்டன். 1766இல் இங்கிலாந்தின் கம்பர்லாந்துப் பகுதியில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தவர். மான்செஸ்டரில் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவர். அவருடைய வாதத்தைப் புரிந்துகொள்ள வேதியியல் தேவையில்லை, கணக்குப் போதும். 3 கிராம் கார்பனோடு 4 கிராம் ஆக்சிஜன் சேர்ந்தால் ஒரு வாயு கிடைக்கிறது. அதே 3 கிராம் கார்பனோடு 8 கிராம் ஆக்சிஜன் சேர்ந்தால் இன்னொரு வாயு. நான்கு, எட்டு. சரியாக இரண்டு மடங்கு. நடுவில் ஐந்தரையோ ஆறே காலோ வருவதில்லை. ஏன்?

கடையில் அரிசியை எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம், முக்கால் கிலோ, ஒன்றே கால் கிலோ என்று. முட்டையை அப்படி வாங்க முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் வாங்க வேண்டும். ஆக்சிஜன் அரிசி மாதிரி அல்ல, முட்டை மாதிரி என்பதுதான் டால்டன் கண்டது. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு வகை அணு, அதற்கென்று ஓர் எடை. 1808இல் வெளிவந்த அவருடைய நூல் இதை விரிவாகச் சொன்னது. அவருடைய அணு ஒரு கெட்டியான குண்டு. உள்ளே எதுவும் இல்லை, உடைக்கவும் முடியாது.

டால்டன் ஒரு தவறு செய்தார். ஒரு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்ததுதான் தண்ணீர் என்று வைத்துக்கொண்டார். எளிமையானதுதான் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை. அதனால் ஆக்சிஜனின் எடை பாதியாகிப் போனது. தொடக்க இருப்பைத் தவறாக எழுதினால் வருடம் முழுவதும் கணக்கு உதைக்கும் அல்லவா? அதேதான் நடந்தது. இதைச் சரிசெய்யும் வழியை இத்தாலியின் அவகாட்ரோ 1811லேயே சொன்னார். டால்டன் ஏற்கவில்லை, மற்றவர்களும் கண்டுகொள்ளவில்லை. ஏறத்தாழ ஐம்பது வருடம் கழித்து, 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் நடந்த வேதியியலாளர் மாநாட்டில் கன்னிசாரோ என்ற இன்னொரு இத்தாலியர் அதைத் தூசி தட்டி எடுத்து வைத்தார். அவகாட்ரோ இறந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. அந்த மாநாட்டுக்கு வந்திருந்த இளைஞர்களில் ஒருவர் மெண்டலீவ். ஒன்பது வருடத்தில் அவர் தனிம அட்டவணையைப் போட்டார்.

அணு உண்டா, இல்லையா?

இன்றைக்கு நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். 1900இல்கூட அணு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்று பெரிய விஞ்ஞானிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணால் காணாததை, கருவியில் சிக்காததை உண்மை என்று எப்படிச் சொல்வது என்பது எர்ன்ஸ்ட் மாக்கின் கட்சி. அணு ஒரு கணக்குப் போடும் வசதி, அவ்வளவுதான் என்றார்கள் அவரைப் போன்றோர்.

எதிர்க்கட்சியில் நின்றவர் வியன்னாவின் லுட்விக் போல்ட்ஸ்மன். வாயுவின் வெப்பம், அழுத்தம் எல்லாமே கோடானுகோடி அணுக்களின் ஓட்டம்தான் என்று கணிதத்தால் காட்டியவர். வருடக்கணக்கில் வாதாடினார். ஏற்கெனவே மனச்சோர்வு நோயால் அவதிப்பட்டவர். 1906 செப்டம்பர் 5ஆம் தேதி, குடும்பத்தோடு விடுமுறைக்குச் சென்றிருந்த டுயினோ என்ற கடலோர ஊரில் தூக்கிட்டு இறந்தார். அறிவியல் சண்டைதான் காரணம் என்று ஒற்றை வரியில் முடிப்பது சரியாகாது, நோயின் பங்கு பெரிது. ஆனால் ஒரு கொடுமை உண்டு. அதற்கு முந்தைய வருடமே, 1905இல், ஐன்ஸ்டீன் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய துகள்கள் காரணமில்லாமல் துள்ளுவதை 1827இல் ராபர்ட் பிரவுன் கவனித்திருந்தார். அந்தத் துள்ளலுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடிப்பதுதான், எவ்வளவு துள்ளும் என்றும் கணக்கிடலாம் என்றது அந்தக் கட்டுரை. 1908 முதல் பிரான்சின் ஜீன் பெரின் அதை அளந்து பார்த்தார். கணக்கு ஒத்துப்போனது. அணுவை மறுத்துவந்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டே தோல்வியை ஒப்புக்கொண்டார். போல்ட்ஸ்மன் இன்னும் இரண்டு மூன்று வருடம் இருந்திருந்தால் பார்த்திருப்பார்.

தர்பூசணி வாத்தியார்

அணு இருக்கிறதா என்று ஒரு பக்கம் சண்டை நடக்கும்போதே, இன்னொரு பக்கம் ஒருவர் அணுவை உடைத்துவிட்டார். அவர்தான் ஜே. ஜே. தாம்சன். மான்செஸ்டரில் ஒரு புத்தக வியாபாரியின் மகன். பொறியாளர் ஆக்க வேண்டும் என்பது வீட்டார் ஆசை. பதினாறு வயதில் அப்பா இறந்துவிட, தொழில் பழகக் கட்ட வேண்டிய பணம் இல்லாமல் போனது. உதவித்தொகையில் கணிதமும் இயற்பியலும் படித்தார். முப்பது வயது ஆகுமுன்பே கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்துக்குத் தலைவர் ஆனார். கை வேலையில் மட்டும் சுத்தமாக ராசியில்லை. கண்ணாடிக் குழாய்களைச் செய்து கொடுத்தவர் எபனேசர் எவரெட் என்ற உதவியாளர்.

காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சினால் எதிர்முனையிலிருந்து ஒரு கதிர் கிளம்பும். அது அலையா, துகளா என்று தகராறு. தாம்சன் அந்தக் கதிரைக் காந்தத்தாலும் மின்புலத்தாலும் வளைத்தார். எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து துகளின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டார். குழாயில் எந்த வாயு இருந்தாலும், முனை எந்த உலோகமாக இருந்தாலும் அதே விகிதம். ஹைட்ரஜன் அயனிக்குக் கிடைப்பதைப்போல ஆயிரம் மடங்குக்கும் அதிகம். அப்படியென்றால் எல்லாப் பொருளுக்குள்ளும் ஒரே மாதிரியான, அணுவைவிட மிகச் சிறிய ஏதோ ஒன்று இருக்கிறது! 1897 ஏப்ரல் 30ஆம் தேதி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இதை அறிவித்தார். கேட்டவர்களில் ஒருவர், தாம்சன் எல்லோரையும் கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தாராம். அந்தத் துகள்தான் எலக்ட்ரான். அதன் நிறை ஹைட்ரஜன் அணுவில் ஏறத்தாழ 1,837இல் ஒரு பங்கு என்பது இன்றைய அளவு.

எலக்ட்ரானுக்கு எதிர் மின்னூட்டம். ஆனால் முழு அணுவுக்கு மின்னூட்டம் கிடையாது. வரவு செலவு சமமாக வேண்டுமென்றால் அணுவுக்குள் எங்கோ நேர் மின்னூட்டம் இருந்தாக வேண்டும். எங்கே? 1904இல் தாம்சன் ஒரு படம் தந்தார். அணு முழுவதும் பரவிய நேர் மின்னூட்டம், அதில் பதிந்த எலக்ட்ரான்கள். ஆங்கிலேயர்கள் இதற்குத் தங்கள் ஊர் பிளம் புட்டிங்கை உவமை சொன்னார்கள். நம் ஊர் வகுப்பறையில் தர்பூசணி. சிவந்த சதை நேர் மின்னூட்டம், கறுப்பு விதைகள் எலக்ட்ரான்கள். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் இது சும்மா சொன்னது அல்ல. விதைகள் எந்த எந்த வளையங்களாக அமைந்தால் அணு நிலையாக நிற்கும் என்று கணிதம் போட்டுக் காட்டினார். அதே வருடம் டோக்கியோவின் நாகஓகா ஹன்டாரோ, நடுவில் பெரிய கோளம், சுற்றிலும் சனிக்கிரகம் போல எலக்ட்ரான் வளையம் என்று இன்னொரு படம் வரைந்தார். அது நிலைக்காது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1906இல் தாம்சனுக்கு நோபல் பரிசு.

நியூசிலாந்துப் பையன்

1895இல் கேம்பிரிட்ஜ் ஒரு புது விதி கொண்டுவந்தது. மற்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்களும் வந்து ஆராய்ச்சி செய்யலாம். அந்த வாசல் வழியாக முதன்முதலில் நுழைந்தவர்களில் ஒருவர் எர்னஸ்ட் ரூதர்போர்டு. நியூசிலாந்தின் நெல்சன் நகருக்கு அருகே பிறந்தவர், பன்னிரண்டு பிள்ளைகளில் நாலாவது. இங்கிலாந்து வருவதற்கான உதவித்தொகை அவருக்கு முதலில் கிடைக்கவில்லை, இரண்டாம் இடம்தான். முதலிடம் வந்தவர் ஏதோ காரணத்தால் வேண்டாம் என்று விலகியதால் இவருக்கு வந்தது. அந்த ஒருவர் விலகாமல் இருந்திருந்தால் அணுவின் கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

தாம்சனிடம் பயின்ற ரூதர்போர்டு கனடாவுக்குப் போனார். கதிரியக்கத்தில் ஒரு தனிமம் இன்னொன்றாக மாறுகிறது என்று காட்டினார். 1908இல் நோபல் பரிசு வாங்கினார். இயற்பியலுக்கு அல்ல, வேதியியலுக்கு! வழக்கமாக நோபலுக்குப் பிறகு ஓய்வு. இவருடைய பெரிய வேலை அதற்குப் பிறகுதான் நடந்தது, மான்செஸ்டரில்.

அங்கே ஹான்ஸ் கைகர் என்ற ஜெர்மானிய உதவியாளர். எர்னஸ்ட் மார்ஸ்டன் என்ற இருபது வயது மாணவர், இன்னும் இளங்கலைப் பட்டம்கூட முடிக்கவில்லை. கதிரியக்கப் பொருளிலிருந்து கிளம்பும் ஆல்பா துகள்களை மெல்லிய உலோகத் தகட்டின் மேல் விடுவது, மறுபக்கம் எவ்வளவு சிதறுகிறது என்று பார்ப்பது, இதுதான் வேலை. துகள் ஒரு துத்தநாக சல்பைடு திரையில் மோதினால் மினுக் என்று ஒரு சிறு ஒளி தெரியும். இருட்டறையில் உட்கார்ந்து கண் பழகிய பிறகு, நுண்ணோக்கி வழியாக அந்த மினுக்குகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ரூதர்போர்டு இரண்டு நிமிடத்தில் பொறுமை இழந்து எழுந்துவிட்டதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். கைகர் சளைக்காமல் எண்ணுவார்.

1909இல் ஒரு நாள், மார்ஸ்டனுக்கும் ஏதாவது சின்ன ஆராய்ச்சி கொடுக்கலாமே என்று பேச்சு வந்தது. துகள் ஏதாவது பெரிய கோணத்தில் திரும்புகிறதா என்று பையன் பார்க்கட்டும் என்றார் ரூதர்போர்டு. எதுவும் வராது என்பதுதான் அவருடைய எதிர்பார்ப்பு. தர்பூசணி அணுவில் நொடிக்குப் பதினையாயிரம் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகும் ஆல்பா துகளைத் திருப்பும் அளவுக்கு வலுவான எதுவும் இல்லை. எலக்ட்ரான் மிக இலேசு, நேர் மின்னூட்டமோ மெல்லப் பரவிக் கிடக்கிறது.

ஆனால் வந்தது. பிளாட்டினத் தகட்டில் பட்ட துகள்களில் ஏறத்தாழ 8,000க்கு ஒன்று வந்த வழியே திரும்பியது! பெரிய பீரங்கிக் குண்டை மெல்லிய காகிதத்தின் மேல் சுட, அது திரும்பி வந்து சுட்டவரையே தாக்கியது போல இருந்தது என்று ரூதர்போர்டு பிற்காலத்தில் சொன்னது புகழ்பெற்ற வாசகம். பார்த்தது பட்டம் முடிக்காத ஒரு மாணவர் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

தன் குருவின் படத்தை அழிப்பதா என்று ரூதர்போர்டு எளிதில் முடிவெடுக்கவில்லை. ஒன்றரை வருடத்துக்கு மேல் யோசித்தார். பல சிறிய திருப்பங்கள் சேர்ந்து ஒரு பெரிய திருப்பமாக ஆக வாய்ப்புண்டா என்று கணக்கிட்டார். இல்லை. ஒரே ஒரு மோதலில்தான் திரும்ப முடியும். அதற்கு அணுவின் மின்னூட்டமும் நிறையும் ஒரு புள்ளியில் குவிந்திருக்க வேண்டும். 1911 மார்ச் 7ஆம் தேதி மான்செஸ்டர் இலக்கிய, தத்துவச் சங்கத்தில் இதைச் சொன்னார். நூறு வருடத்துக்கு முன் டால்டன் தம் அணுக்களைப் பற்றிப் பேசிய அதே சங்கம்!

அணு ஒரு கிரிக்கெட் மைதானம் என்றால் அதன் கரு நடுவில் கிடக்கும் ஒரு சுண்டைக்காய். அணுவின் எடையில் 99.9 சதவிகிதத்துக்கும் மேல் அந்தச் சுண்டைக்காயில். மிச்சமெல்லாம் வெறும் வெளி. நாம் உட்காரும் நாற்காலியும் நாமும் பெரும்பாலும் வெற்றிடம்தான்!

உலகம் கைதட்டியதா? இல்லை. அந்த வருடம் பிரஸ்ஸல்ஸில் நடந்த புகழ்பெற்ற சால்வே மாநாட்டில் ரூதர்போர்டும் இருந்தார், ஆனால் கருவைப் பற்றிய பேச்சே எழவில்லை. தாம்சன் தம் வழியிலேயே அணு மாதிரிகளை உருவாக்கிக்கொண்டிருந்தார். காரணமும் இருந்தது. ரூதர்போர்டின் அணுவில் ஒரு பெரிய ஓட்டை. கருவைச் சுற்றும் எலக்ட்ரான் அன்றைய மின்காந்த விதிப்படி ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழந்துகொண்டே இருக்கும். ஒரு நொடியில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் சுழன்று கருவில் போய் விழுந்துவிடும். அதாவது விதிப்படி பார்த்தால் எந்தப் பொருளும் இருக்கவே முடியாது. ஆனால் இருக்கிறதே!

டென்மார்க்கிலிருந்து ஒரு கேள்விக்காரர்

1911 இலையுதிர் காலத்தில் கோபன்ஹேகனிலிருந்து நீல்ஸ் போர் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தார். (பெயரில்தான் போர், ஆள் சாந்தமானவர்.) வயது 25, அப்போதுதான் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார். ஆசையோடு தாம்சனைப் பார்க்கப் போனார். முதல் சந்திப்பிலேயே தாம்சனின் புத்தகத்தை நீட்டி இங்கே தவறு இருக்கிறது என்றார். ஆங்கிலம் சரியாக வராததால் நாசூக்காகச் சொல்லத் தெரியவில்லை. தாம்சன் கோபப்படவில்லை, ஆனால் போரின் ஆய்வேட்டைப் படிக்கவும் இல்லை. சில மாதம் காத்திருந்துவிட்டு, 1912 மார்ச்சில் போர் மான்செஸ்டருக்குப் போய்விட்டார், ரூதர்போர்டிடம்.

மான்செஸ்டரில் இருந்தது நான்கு மாதம்தான். அணு விழாமல் நிற்பது எப்படி என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1913 தொடக்கத்தில், ஊர் திரும்பிய பிறகு, ஒரு நண்பர் அவரிடம் பால்மர் சூத்திரத்தைப் பற்றிக் கேட்டார். ஹைட்ரஜன் வாயு ஒளிரும்போது வரும் ஒளியைப் பிரித்தால் வானவில் வராது. தனித்தனிக் கோடுகள்தான் வரும். 656 நானோமீட்டரில் சிவப்பு, 486இல் பச்சை கலந்த நீலம், 434இலும் 410இலும் ஊதா. இந்த எண்களுக்குள் ஓர் எளிய சூத்திரம் ஒளிந்திருப்பதை 1885இல் கண்டுபிடித்தவர் யோகான் பால்மர், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஒரு பெண்கள் பள்ளியின் கணித ஆசிரியர், வயது 60. சூத்திரம் வேலை செய்தது, ஏன் வேலை செய்கிறது என்று 28 வருடமாக யாருக்கும் தெரியவில்லை.

பார்த்ததும் போருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாய்தளத்தில் எந்த உயரத்திலும் நிற்கலாம். மாடிப்படியில் அப்படி முடியாது. முதல் படி, இரண்டாம் படி என்றுதான் நிற்க வேண்டும், ஒன்றரையாவது படி கிடையாது. எலக்ட்ரானுக்கு இருப்பது மாடிப்படி. ஒரு படியில் நிற்கும்வரை ஒளி உமிழாது. மேல் படியிலிருந்து கீழே குதிக்கும்போது இரண்டு படிகளின் ஆற்றல் வித்தியாசம் ஒளியாக வெளிவருகிறது. கீழ்ப்படிக்குக் கீழே படி இல்லை, அதனால் அணு நொறுங்குவதில்லை. இந்த விதிகளிலிருந்து பால்மரின் சூத்திரம் தானாக வந்து விழுந்தது.

கட்டுரையை ரூதர்போர்டுக்கு அனுப்பினார். பதில் கடிதத்தில் ரூதர்போர்டு பாராட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். எந்தப் படியில் போய் நிற்கப் போகிறோம் என்று எலக்ட்ரானுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்? இதற்குப் போரிடம் பதில் இல்லை. இன்னொன்றும் சொன்னார், கட்டுரை ரொம்ப நீளம், சுருக்கலாமே என்று. போர் உடனே கப்பலேறி மான்செஸ்டர் போய், வரி வரியாக வாதாடி, ஒரு வரிகூடக் குறைக்காமல் சம்மதம் வாங்கினார். தமக்குப் பதில் தெரியாத கேள்வி இருந்தும் அந்தக் கட்டுரையைப் பதிப்புக்கு அனுப்பி வைத்தார் ரூதர்போர்டு. மாணவன் தன் படத்தைத் திருத்துவதை அனுமதித்தார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

27 வயதில் முடிந்த ஒரு வாழ்க்கை

அதே ஆய்வகத்தில் போரின் நண்பர் ஒருவர் இருந்தார். ஹென்றி மோஸ்லி. தனிமங்களை எக்ஸ் கதிர் உமிழ வைத்து, அதன் அதிர்வெண்ணை வரிசையாக அளந்தார். அட்டவணையில் ஓர் இடம் நகரும்போதெல்லாம் அதிர்வெண்ணின் வர்க்கமூலம் சரியாக ஒரே அளவு கூடியது. அப்படியென்றால் தனிமத்தின் அடையாளம் எடை அல்ல, கருவின் மின்னூட்டம். அதுதான் அணு எண். கோபால்ட் நிக்கலைவிட எடை கூடியது, இருந்தும் முன்னால் வருவது ஏன் என்ற பழைய குழப்பம் தீர்ந்தது. கோபால்ட் 27, நிக்கல் 28, அவ்வளவுதான். வரிசையில் 43, 61, 75 ஆகிய இடங்கள் காலி, இன்னும் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் காட்டினார். பிற்பாடு மூன்றும் கிடைத்தன.

1914இல் உலகப் போர் மூண்டது. மோஸ்லி அப்போது ஒரு மாநாட்டுக்காக ஆஸ்திரேலியா போயிருந்தார். திரும்பியதும் ராணுவத்தில் சேர்ந்தார். 1915 ஆகஸ்ட் 10ஆம் தேதி, துருக்கியின் கலிப்பொலியில், தொலைபேசியில் உத்தரவு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். வயது 27. தம் உடைமைகளை எல்லாம் ஆராய்ச்சிக்காக ராயல் சொசைட்டிக்கு எழுதி வைத்திருந்தார். இப்படிப்பட்டவரைப் போர்முனைக்கு அனுப்பியது எவ்வளவு பெரிய விரயம் என்று ரூதர்போர்டு நேச்சர் இதழில் எழுதினார்.

ஒரே அறையில் மினுக்குகளை எண்ணியவர்கள் எதிரெதிர் அணிகளுக்குப் போனார்கள். கைகர் ஜெர்மன் பீரங்கிப் படையில், மார்ஸ்டன் நேச நாடுகளின் படையில். கைகரிடம் மேற்படிப்புக்காக பெர்லின் போயிருந்த ஜேம்ஸ் சாட்விக், நாலு வருடம் ரூலேபன் முகாமில் சிறைப்பட்டார். குதிரைப் பந்தயத் திடலில் அமைத்த முகாம் அது. அங்கேயும் சும்மா இருக்கவில்லை. அப்போது கடையில் விற்ற கதிரியக்கப் பற்பசையை வாங்கி ஆராய்ச்சி செய்தார்!

கணக்கில் இடித்த பாக்கி

போருக்குப் பிறகு 1919இல் தாம்சன் வகித்த கேவண்டிஷ் பதவிக்கே ரூதர்போர்டு வந்தார். நைட்ரஜனை ஆல்பா துகளால் தாக்கி, அதிலிருந்து ஹைட்ரஜன் கரு வெளிவருவதைக் கண்டவர் அவர். அதற்குப் புரோட்டான் என்று பெயர் வைத்தார்.

ஆனால் கணக்கு இடித்தது. ஹீலியத்தின் மின்னூட்டம் 2, எடையோ 4. இரண்டு புரோட்டானுக்குக் கணக்கு இருக்கிறது, மீதி இரண்டு பங்கு எடை யாருடையது? மின்னூட்டமே இல்லாத ஒரு துகள் இருக்கலாம் என்று 1920லேயே ரூதர்போர்டு ஊகித்தார். அதைத் தேடிப் பன்னிரண்டு வருடம் அலைந்தவர் அந்தப் பற்பசை சாட்விக். 1932 ஜனவரியில் பாரிஸின் ஜோலியோ கியூரி தம்பதி ஒரு புதிரான முடிவை வெளியிட்டார்கள். பெரிலியத்திலிருந்து வரும் ஏதோ ஒரு கதிர் மெழுகிலிருந்து புரோட்டான்களைத் தள்ளுகிறது, அது காமா கதிராக இருக்கும் என்றார்கள். சாட்விக் நம்பவில்லை. எடையில்லாத ஒளி மோதிப் புரோட்டான் இவ்வளவு வேகமாகப் பாயாது, மோதியது புரோட்டான் அளவு எடையுள்ள ஒன்றாக இருக்க வேண்டும். சில வாரத்தில் நிரூபித்து, பிப்ரவரி 17ஆம் தேதியிட்டு நேச்சருக்குக் கடிதம் எழுதினார். அதுதான் நியூட்ரான். பாரிஸ்காரர்கள் கண்ட அதே காட்சி, ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தவர் கண்ணுக்குத்தான் அது பட்டது.

மின்னூட்டம் இல்லாததால் நியூட்ரான் எந்தக் கருவுக்குள்ளும் எளிதாக நுழையும். 1938இல் ஜெர்மனியில் யுரேனியம் கரு பிளந்தது. 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஹிரோஷிமா. சாட்விக், போர் இருவருமே அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் பங்கெடுத்தவர்கள். ரூதர்போர்டு 1937லேயே இறந்துவிட்டார். அணுவிலிருந்து சக்தி எடுக்கலாம் என்ற பேச்சையே வீண் கற்பனை என்று 1933இல் தள்ளியவர் அவர். எவ்வளவு பெரிய ஆளுக்கும் தான் திறந்த கதவு எங்கே போகும் என்று தெரிவதில்லை.

அப்பா துகள், மகன் அலை

இதற்கிடையில் போரின் மாடிப்படியும் ஆட்டம் கண்டது. ஹைட்ரஜனுக்குப் பொருந்திய கணக்கு, இரண்டே எலக்ட்ரான் உள்ள ஹீலியத்துக்குப் பொருந்தவில்லை. 1925இல், கோபன்ஹேகனில் போரிடம் இருந்து வந்த 23 வயது வெர்னர் ஹைசன்பர்க், ஒவ்வாமைத் தும்மலிலிருந்து தப்பிக்க ஹெலிகோலாண்டு தீவுக்குப் போன இடத்தில், புதிய கணிதத்தை உருவாக்கினார். யாருமே பார்த்திராத பாதையை எதற்கு வரைய வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அடுத்த வருடம் ஷ்ரோடிங்கர் அலைச் சமன்பாட்டைத் தந்தார். எலக்ட்ரான் வட்டப்பாதையில் ஓடுவதில்லை. கருவைச் சுற்றி இங்கே இருக்க இவ்வளவு வாய்ப்பு, அங்கே இருக்க இவ்வளவு வாய்ப்பு என்று ஒரு மேகம்போலத்தான் சொல்ல முடியும்.

எலக்ட்ரான் அலைபோல நடக்கிறதா என்று 1927இல் சோதித்துக் காட்டியவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் தாம்சன். ஆம், ஜே. ஜே. தாம்சனின் மகன்! எலக்ட்ரானைத் துகள் என்று காட்டி அப்பா 1906இல் நோபல் வாங்கினார். அலை என்று காட்டி மகன் 1937இல் நோபல் வாங்கினார். அப்பா அப்போது எண்பது வயதில் உயிரோடு இருந்தார். இருவரில் யாருமே தப்பில்லை என்பதுதான் வேடிக்கை.

தப்பான படத்தை ஏன் படிக்கிறோம்?

தர்பூசணி பொய், சூரியக் குடும்பம் பொய், மாடிப்படி அரைகுறை. பிறகு எதற்கு இதையெல்லாம் பாடத்தில் வைத்திருக்கிறார்கள்?

ஏனென்றால் ஒவ்வொரு தப்பான படமும் ஒரு சரியான கேள்வியைப் பெற்றெடுத்தது. தர்பூசணி இல்லாவிட்டால் எட்டாயிரத்தில் ஒன்று திரும்பி வந்தது ஆச்சரியமாகவே இருந்திருக்காது. ரூதர்போர்டின் அணு விழும் என்று தெரிந்ததால்தான் போர் படிக்கட்டைத் தேடினார். தேர்வுத்தாளில் ஐந்தொகை பொருந்தாவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? அனாமத்துக் கணக்கில் வித்தியாசத்தைப் போட்டு மூடிவிடுகிறோம். இவர்கள் மூடவில்லை. வித்தியாசம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று போய்த் தோண்டினார்கள்.

கதை இன்னும் முடியவில்லை. 1968இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் புரோட்டான்களின் மேல் எலக்ட்ரான்களை வேகமாக மோதவிட்டார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பெரிய கோணத்தில் திரும்பின. புரோட்டானுக்குள்ளும் ஏதோ கெட்டியாக இருக்கிறது என்று தெரிந்தது, அவைதான் குவார்க்குகள். முறை புதிதல்ல. மான்செஸ்டர் இருட்டறையில் பட்டம் முடிக்காத மார்ஸ்டன் செய்த அதே வேலைதான்.

தாம்சனும் ரூதர்போர்டும் இன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், நியூட்டனின் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். குருவும், குருவின் படத்தை அழித்த சீடனும் ஒரே கூரையின் கீழ். தன்னைத் திருத்தும் மாணவனை உருவாக்கியதுதான் அந்த ஆசிரியர்கள் செய்த பெரிய கண்டுபிடிப்பு.